கடல் வருதாம்

2017 நவம்பர் கடைசியில் ஒருநாள் இரவு, பத்து மணிக்குப் பிறகு, என் போனுக்கு ஒரு கடிதத்தின் படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் இந்தியப் பிரதமருக்கு எழுதிய கடிதம் அது. டிசம்பர் 31க்கு முன் இந்து சமுத்திரத்தில் பெரிய பூமியதிர்ச்சி வரும், பின்னால் சுனாமி வரும், அடிபடப்போகும் நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று இருந்தது. தலைப்பில் ஏதோ ஆராய்ச்சிச் சங்கத்தின் பெயர், கீழே கையெழுத்து. குரல் பதிவில் பேசிய ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. "கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனைச் சனம் இப்பவே விலகுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த நிமிடம் நான் செய்ததற்கும் அந்தப் படிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டையும் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "உண்மையோ தெரியல்ல, எதுக்கும் கவனமா இருங்க" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியைப் போட்டுவிட்டால் பொறுப்பு என்னிடமிருந்து கழன்றுவிடும் என்று நினைத்திருப்பேன்.

மட்டக்களப்பில் டச்பார் பக்கம் தனியாக இருக்கும் பெரியம்மா அந்த வரியை வாசிக்கவில்லை. குரல் பதிவைத்தான் கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வாசற்படி இறங்கும்போது விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

பெரியம்மாவிடம் எப்போதும் ஒரு பை இருக்கும். 2004இல் மூத்த மகளைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். அந்த வருடத்திலிருந்து அடையாள அட்டை, காணி உறுதி, கண்ணாடி, இரண்டு சேலை, ஒரு டோர்ச் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு பையில் தொங்கும். டிசம்பர் பிறந்தால் அந்தப் பை கதவிலிருந்து கட்டில் தலைமாட்டுக்கு வரும். இது எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும்தான் அனுப்பினேன்.

31ஆம் திகதி வந்தது, போனது. கடல் இருந்த இடத்தில் இருந்தது. பெரியம்மா கட்டுப் போட்ட கையோடு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் புள்ள, அந்த மனுசன் இப்ப என்ன சொல்றாராம்?"

தேடிப் பார்த்தேன். நான் தேடிய அளவில், திகதி தப்பியதற்கு அந்த ஆளிடமிருந்து ஒரு விளக்கமும் கண்ணில் படவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பியவர்களில் எவரும் (என்னையும் சேர்த்துத்தான்) "நாங்க அனுப்பினது பொய்யாப் போச்சு" என்று ஒரு செய்தி போடவில்லை. வரும் என்று சொன்ன செய்தி ஆயிரம் போன்களுக்குப் போனது. வரவில்லை என்ற செய்தி எந்தப் போனுக்கும் போகவில்லை.

கடிதத்தை அப்போதுதான் முதல்தரம் முழுதாக வாசித்தேன். அந்த ஆள் எந்தக் கருவியையும் பார்த்து எழுதவில்லை. தனக்குப் புலன் கடந்த உணர்வு இருக்கிறது, அதில் தெரிந்தது என்றுதான் எழுதியிருக்கிறார். மறைக்கவே இல்லை. சங்கத்தின் பெயரையும் "ஆராய்ச்சி" என்ற சொல்லையும் கண்டவுடன் மீதியை என் மண்டையே எழுதிக்கொண்டது.

சரி, இனி இப்படி ஏமாறக்கூடாது என்று 2018 ஜனவரியில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம் கீறினேன்: சொன்னவர், எங்கே வரும், எப்போது வரும், எவ்வளவு பெரிது, கடைசியில் என்ன நடந்தது. போனுக்கு வரும் பூமியதிர்ச்சி, சுனாமி, சூறாவளிச் சோதிடம் எல்லாவற்றையும் அதில் எழுதுவது என்று முடிவு.

முதல் வருடம் பதினான்கு எழுதினேன். அதில் நான் படித்த முதல் பாடம் நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. செய்திகள் பலிக்கின்றனவா இல்லையா என்ற கேள்விக்குப் போகவே முடியவில்லை, ஏனென்றால் கட்டங்கள் நிரம்பவில்லை. "ஆசியாவில் பேரழிவு", "தென்பகுதிக் கரையோரங்கள் கவனம்", "வரும் பௌர்ணமியை ஒட்டி". எங்கே? எப்போது? எவ்வளவு? பதினான்கில் மூன்றுதான் ஐந்து கட்டத்தையும் நிரப்பின. மூன்றும் பிழையாய்ப் போயின. மீதி பதினொன்றும் சரி என்றும் சொல்ல முடியாது, பிழை என்றும் சொல்ல முடியாது. அப்படித்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன.

பிறகு வாசித்தபோது, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையமும் ஏறக்குறைய இதே கட்டங்களைத்தான் கேட்கிறது என்று தெரிந்தது. திகதியும் நேரமும், இடம், அளவு. மூன்றும் இல்லாதது முன்னறிவிப்பு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. அதோடு, பெரிய பூமியதிர்ச்சி ஒன்றைத் தாங்களோ வேறு எந்த விஞ்ஞானியோ இதுவரை இப்படி முன்கூட்டிச் சொன்னதில்லை என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. உலகத்திலேயே அதிகம் கருவி வைத்திருக்கும் இடம் "எங்களால் முடியாது" என்கிறது. கருவி ஒன்றுமே இல்லாத ஆள் நாள் குறித்துக் கொடுக்கிறார்.

2023 பெப்ரவரியில் கொப்பிக்கு ஒரு சோதனை வந்தது. 6ஆம் திகதி துருக்கியில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் சனம் செத்தது. அடுத்த நாளே எல்லோர் போனிலும் ஒரு நெதர்லாந்துக்காரரின் பதிவு ஓடியது. மூன்று நாளைக்கு முன்பே, 3ஆம் திகதி, அந்தப் பிரதேசத்தில் 7.5 அளவில் ஒன்று வரும் என்று எழுதியிருந்தார். கோள்கள் நிற்கும் நிலையை வைத்துக் கணித்தாராம். தம்பி அதைக் காட்டி, "இப்ப என்ன சொல்றீங்க அக்கா? இதை உங்கட கொப்பியில எழுதுங்க" என்றான்.

எழுத உட்கார்ந்தேன். இடம்: துருக்கியின் தென் நடுப்பகுதி, சிரியா, லெபனான், ஜோர்தான். அளவு: 7.5 வாக்கில். எப்போது என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவர் எழுதியது "இன்றோ நாளையோ அல்லது என்றோ" என்கிற மாதிரியான சொல். நாள் இல்லை. பூமித்தட்டுகளின் பெரிய பிளவு ஒன்று அந்த வழியாகப் போகிறது, அது ஆபத்தான இடம் என்று புவியியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்த பிரதேசம் அது. நாள் போடாமல் அங்கே ஒன்று வரும் என்று நானும் சொல்லலாம். மட்டக்களப்பில் மழை பெய்யும் என்று சொல்வது போல.

தம்பி விடவில்லை. "ஆனா மூணு நாள்ல வந்திச்சே." அதுதான் எல்லோரையும் விழுத்தும் இடம். அதற்குப் பதில் அந்த ஒரு பதிவுக்குள் இல்லை, அதே ஆள் எழுதிய மற்றப் பதிவுகளில் இருக்கிறது. 7 அளவும் அதற்கு மேலும் உள்ள அதிர்ச்சிகள் உலகத்தில் சராசரியாக வருடத்துக்குப் பதினாறு வரும். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல். 6க்கும் 7க்கும் இடைப்பட்டவை நூறுக்கு மேல். இந்தக் கணக்குத் தெரிந்தவர் ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒரு பிரதேசத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் படும். பட்ட பதிவு உலகம் சுற்றும். படாதவற்றை அவர் அழிக்கக்கூடத் தேவையில்லை, எவரும் தேடிப் போய்ப் பார்க்கப் போவதில்லை. தம்பியிடம், "அவரிட பழைய பதிவுகளில பத்து எடுத்து வா, ரெண்டு பேரும் எழுதுவம்" என்றேன். நான்கு கொண்டுவந்தான். பிறகு அலுத்துப் போய்விட்டான். உண்மையில் எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. பொய்யைக் கேட்க ஒரு நிமிடம் போதும், சரிபார்க்க ஒரு பின்னேரம் வேண்டும்.

இந்த இடத்தில் விஞ்ஞானத்தின் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்று ஒரு சின்ன ஊர். 1857 முதல் 1966 வரை அங்கே ஏறக்குறைய 22 வருடத்துக்கு ஒருதரம் நடுத்தர அதிர்ச்சி வந்திருக்கிறது. ஆகவே அடுத்தது 1993க்கு முன் வரும் என்று விஞ்ஞானிகள் வெளிப்படையாக அறிவித்து, அந்த ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். 1993 போனது. வரவில்லை. 2004 செப்டெம்பர் 28இல்தான் வந்தது, எங்கள் சுனாமிக்கு மூன்று மாதம் முன்னால். பதினொரு வருடப் பிழை. அதை அவர்களே எழுதி, ஏன் பிழைத்தது என்று ஆராய்ந்து, இன்றைக்கும் பாடமாக வைத்திருக்கிறார்கள். சீனாவில் 1975இல் ஹைசெங் என்ற இடத்தில் முன்கூட்டியே சனத்தை வெளியேற்றியதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே சீனாவில் அடுத்த வருடம் டாங்ஷானில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டு இலட்சத்துக்கு மேல் செத்தார்கள். ஹைசெங்கைப் பற்றி எழுதும் விஞ்ஞானி டாங்ஷானையும் சேர்த்து எழுதுவார். வாட்ஸ்அப்பில் வரும்போது ஹைசெங் மட்டும்தான் வரும்.

ஆகவே ஒரு புதுக் கூற்று வந்தால் நான் இப்போது அந்த ஆளின் பட்டத்தையோ, சொல்லும் சொற்களையோ முதலில் பார்ப்பதில்லை. இவர் முன்பு எங்கே பிழை விட்டார், அதை எங்கே எழுதியிருக்கிறார் என்று தேடுவேன். பிழையே விடாதவர் என்றால் போனை மூடிவிடுவேன்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதில் எங்கள் தம்பி சறுக்கினான்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால். அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணி தாண்டி, வாளித் தண்ணீர் தானாக வளையம் வளையமாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம், பிறகு பொலிஸ் ஒலிபெருக்கி. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ச்சி, சுனாமி எச்சரிக்கை, கரையோரத்தை விட்டு விலகவும். அம்மா அடுப்பை அணைத்தார். எண்ணெய்ச் சட்டியில் முறுக்குக் கிடக்கக் கிடக்கப் புறப்பட்டோம். கல்லடியிலிருந்து பட்டணத்துக்குப் போக அப்போது பழைய பாலம் மட்டும்தான். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை ஒருபக்க வாகனம் நின்று மறுபக்க வாகனம் போகவேண்டிய ஒடுங்கிய பாலம் அது. கடல் பக்கத்து எழுவான்கரைச் சனம் முழுக்க அதில் ஏறியது போல் இருந்தது. நடந்து கடந்து, வலையிறவு வழியாக உள்நாட்டுப் பக்கமான படுவான்கரைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. இடையில் 8.2 அளவில் இன்னொன்றும் அதிர்ந்தது. இரவில் எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள். கருவிகளில் சின்ன அலை பதிவானதாம். எங்கள் கரையில் ஒன்றும் இல்லை.

தம்பி அன்றைக்குச் சொன்னது: "சும்மா ஓட விட்டாங்க. இனி எவன் சொன்னாலும் நான் ஓடமாட்டன்."

மேலோட்டமாகப் பார்த்தால் அவன் கேள்வி நியாயம்தான். கேரளத்துக் கடிதம் சொன்னதும் வரவில்லை, 2012 எச்சரிக்கை சொன்னதும் வரவில்லை. ஒன்றைப் பொய் என்றும் மற்றதைச் சரி என்றும் எப்படிச் சொல்வது? எனக்கே இதற்குப் பதில் பிடிபட வருடங்கள் ஆயின.

2012இல் ஒருவரும் வருங்காலத்தைச் சொல்லவில்லை. நடந்துவிட்ட ஒன்றைச் சொன்னார்கள். கடலடியில் பூமி அதிர்ந்தாயிற்று, இந்த நேரம், இந்த இடம், இந்த அளவு. அதை நாலு நாட்டுக் கருவிகள் தனித்தனியே பதிந்திருக்கின்றன. அந்த அளவு அதிர்ச்சி அலையை எழுப்பக்கூடும், எழுப்பியதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை விலகி நில்லுங்கள். அவ்வளவுதான் செய்தி. பிறகு பார்த்தார்கள். 2004இல் ஒரு தட்டு மற்றதற்குக் கீழே நுழைந்து கடலடியை மேலே தூக்கியது, தண்ணீர் எழும்பியது. 2012இல் ஒரே தட்டுக்குள் பிளந்த பகுதிகள் பக்கவாட்டாக உரசி நகர்ந்தன. கடலடி பெரிதாக உயரவில்லை, ஆகவே தள்ள ஆளில்லாமல் தண்ணீர் கிடந்த இடத்தில் கிடந்தது. அதிர்ந்த நிமிடத்தில் இது முழுதாகத் தெரியாது. தெரிய நேரம் எடுக்கும். அலைக்கு அந்த நேரம் வரை பொறுமை இருக்காது. அதனால்தான் முதலில் ஓடச் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்கிறார்கள். நாய் குரைத்ததும் கதவைத் திறந்து பார்க்கிறோம். கள்ளன் இல்லை என்பதற்காக நாயை விற்றுவிடுவோமா?

அந்த அறிவித்தல்களை இப்போது வாசித்துப் பழகிவிட்டேன். ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தினுடையதும், 2007இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்திய மையத்தினுடையதும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. மொழி வறண்டுபோய்க் கிடக்கும். அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம் எத்தனை கிலோமீற்றர், வெளியிட்ட நேரம், அடுத்த அறிவித்தல் எப்போது. முதல் அறிவித்தலில் ஒரு அளவு இருக்கும், அடுத்ததில் மாறும். 2004இல் முதல் கணிப்பு 8 என்றுதான் வந்தது, கடைசியில் அது 9.1 ஆனது. எண் மாறுவதைக் கண்டவுடன் "இவங்களுக்கே தெரியாது" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தம்பியும் சொன்னான். அளக்கிற எண் அப்படித்தான் மாறும். மாறாமல் இருப்பது எழுதி வைத்த வசனம்தான்.

அடுத்தது என் சொந்தப் பிழை. இதைச் சொல்லத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை நம்பியது பயத்தால். இது படித்த திமிரால்.

சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும், அதைக் கண்டால் ஓடு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொன்னேன். தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் படித்ததை வைத்துக் கடலின் மாற்றத்தைக் கண்டுபிடித்து ஆட்களைக் காப்பாற்றியது உண்மைக் கதை. அதையும் சேர்த்துச் சொல்வேன். ஒருநாள் அம்மா குறுக்கே வந்தார்: "எங்க புள்ள உள்வாங்கினது? நம்மட பக்கம் நேரா வந்திச்சு. நான் பாத்துக்கொண்டு நிண்டனே."

"இல்லம்மா, நீங்க பதட்டத்தில கவனிக்கல்ல" என்றேன். கல்லடிக் கரையில் நின்று கண்ணால் கண்டவரிடம், அந்த நேரம் பட்டணத்தில் வகுப்பில் இருந்தவள் சொன்னது இது.

அம்மா சொன்னதுதான் சரி. கடலடி பிளந்தபோது மேற்குப் பக்கம், அதாவது எங்களைப் பார்த்த பக்கம், மேலே எழும்பியது. கிழக்குப் பக்கம், தாய்லாந்தைப் பார்த்தது, கீழே இறங்கியது. ஆகவே அங்கே முதலில் பள்ளம் போய்ச் சேர்ந்தது, கடல் உள்வாங்கியது. எங்களுக்கு முதலில் மேடு வந்து சேர்ந்தது, தண்ணீர் நேரே ஏறியது. கடல் வற்றியதாக இலங்கையில் பலர் சொல்வது முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் நடந்தது. அந்த இடைவெளியில் மீன் பொறுக்கவும் ஆட்களைத் தேடவும் இறங்கியவர்கள் பலர் திரும்பவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை, புக்கெட்டில் அது உண்மை. அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கல்லடியில் நட்டதுதான் பிழை. உள்வாங்கினால் ஓடு என்பது நல்ல புத்தி. ஆனால் உள்வாங்கட்டும் என்று பார்த்து நிற்கிற ஒரு பிள்ளையை நான் உருவாக்கியிருப்பேன். கேரளத்து ஆளைவிட நான் எந்த வகையில் திறம் என்று யோசித்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான்: பிள்ளைகளைக் கூப்பிட்டு, "டீச்சர் சொன்னது பாதிதான் சரி" என்று திருத்தினேன். ஒருத்தி, "அப்ப நாங்க பரீட்சையில எதை எழுதுற டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

அம்மாவுடைய வாக்கு எல்லாமே சரி என்றும் இல்லை. சுனாமிக்கு முன்னால் ஆற்றில் பாம்புகள் மிதந்தன, கடல் வரப்போவது அதுகளுக்குத் தெரிந்தது என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. (வாவி என்று புத்தகத்தில் எழுதுவோம். எங்களுக்கு அது ஆறுதான்.) கல்லடிப் பாலத்தடியில் பாம்பு கண்டால் இன்றைக்கும் அரைவாசிச் சனம் உறவினர் வீட்டுக்குப் போய்விடும். மாரியில் வெள்ளம் இறங்கும், முகத்துவாரம் வெட்டும், ஆற்றின் உப்பு மாறும், உயிரினங்கள் இடம் மாறும். டிசம்பரில் பாம்பும் செத்த மீனும் மிதப்பதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. பாம்பு கண்டு சுனாமி வராத வருடங்களை எவராவது எழுதி வைத்தார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "வராட்டி அதை ஏன் மனுசர் ஞாபகம் வெச்சிருக்க?" என்றார். என் கொப்பி சொல்ல முயன்றதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார், தான் என்ன சொன்னேன் என்று தெரியாமலே.

இலங்கையின் தென்கிழக்கில் உள்ள யாலைக் காட்டு யானைகள் சுனாமியை முன்பே அறிந்து ஓடின என்ற கதையும் உலகப் பிரசித்தம். அந்த நேரம் அங்கே கழுத்தில் செய்மதிப் பட்டி கட்டிய இரண்டு யானைகள் இருந்தன. பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், முன்கூட்டி உணர்ந்து தப்பியோடியதற்கான அடையாளம் எதையும் காணவில்லை என்று 2006இல் எழுதினார்கள். இரண்டே யானைகள்தான், அதை வைத்து எல்லா மிருகத்துக்கும் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கதை சொல்பவர்களிடம் ஒரு யானையின் பதிவுகூட இல்லையே.

கிணற்றுக் கதையைச் சொல்லாமல் விட்டால் பெரியப்பா கோபிப்பார். 2005 தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊறும்: இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? உதவிக்கு வந்தவர்கள் மோட்டார் கொண்டு வந்து இறைத்தார்கள். பெரியப்பா அவர்கள் போன பிறகும் தன் செலவில் எண்ணெய் ஊற்றி இறைத்தார். இறைக்க இறைக்க உப்புக் குறையவே இல்லை. மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளில் மாதக்கணக்காகத் தண்ணீரை அளந்து பார்த்தவர்கள் சொன்னது மனதுக்கு ஒவ்வாத செய்தி: கழிவு எடுக்க ஒருதரம் இறைத்தது போதும், திரும்பத் திரும்ப இறைக்காதே, மழைக்கு விடு. மணல் கரையில் நன்னீர், கனத்த உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாரி மழைதான் கடைசியில் கழுவியது. இதில் ஏமாற்றியவர் எவரும் இல்லை. சாதாரண புத்தியே ஏமாற்றியது. கேட்டவுடன் "ஓம், அதுதானே" என்று தலையாட்ட வைக்கும் விளக்கத்தைக் கண்டால் எனக்கு இப்போது அந்த மோட்டார்ச் சத்தம் கேட்கும்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன வழக்கம் என்று கேட்பவர்களுக்கு: நிற்க முடியாத அளவு அதிர்ந்தாலோ, நெடுநேரம் அதிர்ந்தாலோ எவரையும் கேட்காமல் போகிறோம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் போகிறோம். ஆனால் எங்களுக்கு ஆபத்துத் தரும் சுமாத்திராப் பிளவு 1,600 கிலோமீற்றர் வாக்கில் தள்ளி இருக்கிறது. 2004இல் எங்கள் வீட்டில் எவருக்கும் அதிர்வு தெரியவில்லை. ஆகவே சைரன், பொலிஸ், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், இதில் எது வந்தாலும் போகிறோம். இரவு பகல் எந்நேரமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம். போனில் ஒரு குரல் மட்டும் வந்தால் போவதில்லை, அதிர்ச்சி பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அலை அங்கிருந்து இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுக்கும். பெரியம்மாவின் நடைக்கும் அது தாராளம். ஒரு மாதம் முன்னாலே சொல்ல ஆள் தேவைப்படவே இல்லை. 2004இல் எங்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தைத் தர இந்து சமுத்திரத்தில் ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. அவ்வளவுதான் குறை.

தம்பி ஓடுவான் என்று இப்போது நம்புகிறேன். பிள்ளை பிறந்த பிறகு வாதாடுவதைக் குறைத்துவிட்டான்.

பெரியம்மாவிடம் பையைப் பிரித்து வைக்கச் சொல்லி ஒருதரம் கேட்டேன், மனம் ஆறட்டும் என்று. "கிடக்கட்டும் புள்ள, அது என்ன சோறா கேக்குது?" என்றார். யோசித்தால், அந்தப் பை எந்தத் திகதியையும் நம்பித் தொங்கவில்லை. போன டிசம்பரில் டோர்ச்சுக்குப் புதுப் பற்றரி போட்டேன், காணி உறுதியைப் படம் எடுத்து என் போனில் வைத்தேன், வாசற்படியில் ஒரு பல்ப் பூட்டினேன். கொப்பியும் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறது. யாராவது வந்து ஏதும் சொன்னால், இருத்தி வைத்து, எந்தத் திகதி என்று கேட்டு எழுதுகிறார். எழுத்து அவ்வளவு திருத்தம் இல்லை. முறிந்த கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை.